கள்ளுக்கடையும் கருவூலமும்

சேலம் மாவட்டத்தில் 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் ஒருசேர மூடப்பட்டன. பிரிட்டிஷ் இந்தியாவில், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அமைச்சரவை சட்டத்தின் வழியாக முழு மதுவிலக்கை ஒரு மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தியது அதுவே முதன்முறை. மதுவிலக்கு என்றாலே குடிப்பவனின் ஒழுக்கம், குடும்பத்தின் கண்ணீர், சமூகத்தின் சீரழிவு என்ற வழியிலேயே நம் பேச்சு செல்வது வழக்கம்; அவை யாவும் உண்மையே. ஆயினும் கடைகள் எப்போது திறந்தன, எப்போது மூடின, மீண்டும் ஏன் திறந்தன என்பதை ஆண்டுவாரியாகப் பார்த்துச் செல்பவருக்கு, அந்த ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் அரசின் வரவு செலவுக் கணக்கு நிற்பது தெரியவரும். சென்னை மாகாணத்தின் மதுவிலக்கு வரலாற்றைக் கருவூலத்தின் வரலாற்றிலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது.

மது அரசின் சரக்கான கதையிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும். மதுவின் மீது வரி விதிக்கும் முறைக்கு ஆங்கிலேயர் காலத்தில் ‘அப்காரி’ என்று பெயர். ‘ஆப்’ என்றால் நீர் என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது அது. தொடக்கத்தில் ஒரு வட்டாரத்தில் கள்ளும் சாராயமும் இறக்கி விற்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டு, அதிகத் தொகை கேட்டவருக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டது. கட்டிய குத்தகைப் பணத்தை மீட்பதற்காகக் குத்தகைதாரர் எவ்வளவு முடியுமோ அவ்வளவு விற்றார். அடுத்த ஏலத்தில் தொகை இன்னும் ஏறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், ஊர்தோறும் சிறு அடுப்புகளில் காய்ச்சப்பட்ட சாராயத்தை நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற பெரிய வடிசாலைகளில் மட்டுமே காய்ச்ச அனுமதித்து, அங்கிருந்து வெளியேறும் ஒவ்வொரு காலனுக்கும் தீர்வை வாங்கும் முறை படிப்படியாக வந்தது. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையோடு சாராய வடிசாலையும் இயங்கியது. இன்று சர்க்கரைக்காக அறியப்படும் ஈ.ஐ.டி. பாரி நிறுவனத்தின் பெயரில் உள்ள முதல் மூன்றெழுத்துகள் ‘ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ்’ என்பதன் சுருக்கமே. 1886ஆம் ஆண்டுச் சென்னை அப்காரிச் சட்டம் இவற்றையெல்லாம் ஒரே கட்டுக்குள் கொண்டுவந்து, உரிமமின்றி மதுவைத் தயாரிப்பதும் கொண்டுசெல்வதும் விற்பதும் குற்றம் என்று வரையறுத்தது.

கள்ளுக்கு இந்தச் சட்டம் எப்படிப் பொருந்தியது என்பதைப் பனையடியில் நின்று பார்த்தால்தான் விளங்கும். பனையேறி, கால்களில் தளைநார் பூட்டி, இடுப்பில் அரிவாள்பெட்டியும் கலயமும் தொங்க, காலையும் மாலையும் மரமேறி, பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, அதில் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அதில் சொட்டும் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும். தடவாவிட்டால் காற்றில் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். மரமும் ஆளும் சாறும் ஒன்றே. நடுவில் இருப்பது ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு மட்டும்தான். சுண்ணாம்பு தடவாத மரத்துக்கு மரவரி உண்டு. தடவிய மரத்துக்கு இல்லை. ஆகவே அப்காரிச் சேவகரின் வேலை மரத்தில் இடப்பட்ட எண்ணைச் சரிபார்ப்பதும் கலயத்துக்குள் வெள்ளைப் பூச்சு இருக்கிறதா என்று பார்ப்பதுமாக இருந்தது. பின்னாளில் வந்த மதுவிலக்குச் சட்டங்களும் இதே வேறுபாட்டையே பிடித்துக்கொண்டன. பதநீர் இறக்க உரிமம் பெற்றவர்கள் மீது கள் இறக்கினார்கள் என்று வழக்குப் போடப்படுவதற்கும் இந்தச் சுண்ணாம்புப் பூச்சே இடமளித்தது.

மதுவுக்கு எதிரான இயக்கம், சங்கங்களாகவும் உறுதிமொழிப் பத்திரங்களாகவும் உருவெடுத்தது மேலைநாடுகளில்தான். 1826ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தோன்றிய மது மிதவாதச் சங்கம் முதலில் விஸ்கி, ரம் போன்ற வடித்த மதுவகைகளை மட்டுமே எதிர்த்தது. அளவோடு குடித்தல் என்பதே அப்போதைய கொள்கை. சில ஆண்டுகளில் அது எந்த மதுவையும் தொடாமை என்று இறுகி, பிறகு தனிமனிதரின் உறுதிமொழி போதாது, சட்டமே தடுக்க வேண்டும் என்ற கோரிக்கையாக வளர்ந்தது. இந்த மூன்றாவது நிலைக்குத்தான் மதுவிலக்கு என்று பெயர். தமிழருக்குக் கள்ளுண்ணாமை புதிய கருத்தன்று. திருக்குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அதே மொழியின் பழைய பாடல்களில் அரசனும் புலவரும் கள்ளைப் பகிர்ந்து உண்ட காட்சிகளும் உள்ளன. அறமாகச் சொல்லப்பட்ட ஒன்று அரசியல் கோரிக்கையாக மாறியதுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் புதுமை.

இந்தியாவில் அந்த மாற்றம் விரைந்து நிகழ்ந்ததற்குத் தெளிவான காரணம் உண்டு. அமெரிக்காவில் மதுவை எதிர்த்தவர்கள் சாராயக் கடைக்காரரோடும் பீர் ஆலை முதலாளியோடும் மோதினார்கள். இங்கே கடைக்குப் பின்னால் நின்றது அரசே. எனவே மதுவை எதிர்ப்பது அரசை எதிர்ப்பதாயிற்று. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களான கெயின், சாமுவேல் ஸ்மித் ஆகியோரின் முயற்சியால் 1888ஆம் ஆண்டு இலண்டனில் ஆங்கிலோ இந்திய மதுவிலக்குச் சங்கம் தொடங்கியது. மறு ஆண்டே, வருவாய்க்காக இந்தியாவில் குடியைப் பரப்புவதாகக் குறைகூறும் தீர்மானம் ஒன்று பிரிட்டிஷ் மக்களவையில் நிறைவேறியது. காங்கிரசும் அப்காரிக் கொள்கையைத் தொடக்க காலத்திலிருந்தே கண்டித்து வந்தது.

ஒத்துழையாமை இயக்கக் காலத்தில், 1921இல், அந்தக் கண்டனம் தெருவுக்கு வந்தது. கள்ளுக்கடை மறியல் ஈரோட்டில் நடந்த விதம் தனித்துச் சொல்லத்தக்கது. அப்போது காங்கிரசில் இருந்த பெரியார் ஈ.வெ.ராமசாமி, கள்ளிறக்க விடப்பட்டிருந்த தம் தோப்பின் தென்னை மரங்களையே, ஐந்நூறுக்கும் மேற்பட்டவற்றை, வெட்டிச் சாய்த்தார். அவர் சிறைப்பட்ட பின் துணைவியார் நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் மறியலை முன்னின்று நடத்தினார்கள். வீட்டுக்குள் குடியின் கொடுமையைத் தாங்கியவர்கள் பெண்களாயிருக்க, கடைவாசலில் நின்று அதைத் தடுக்கவும் பெண்களே வந்தது, அதன் பின் இந்த நாட்டில் நடந்த ஒவ்வொரு மது எதிர்ப்புப் போராட்டத்திலும் தொடரும் வழக்கமாயிற்று. 1930இல் காந்தியடிகள் அரசப் பிரதிநிதி இர்வினுக்கு முன்வைத்த பதினொரு கோரிக்கைகளில் முதலாவது முழு மதுவிலக்கு. உப்பு வரி அதற்குப் பின்னால்தான் வந்தது.

அதே காலத்தில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் ராஜாஜி வேறொரு வேலையில் ஈடுபட்டிருந்தார். கதராடையோடு மதுவிலக்கையும் உழவர் வீடுகளுக்குக் கொண்டுசேர்க்க 1929இல் ‘விமோசனம்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். கல்கி அதன் ஆசிரியப் பணியில் துணைநின்றார். மதுவுக்கு எதிரான பரப்புரைக்கென்றே ஒரு தமிழ் இதழ் நடந்தது என்பதும், சிறுகதைகளும் படங்களும் அதன் கருவிகளாயின என்பதும் தமிழ் இதழியல் வரலாற்றில் மறக்கக்கூடாத செய்தி. சேலம் மாவட்டத்தின் சிற்றூர்களில் குடியும் கடனும் எப்படிப் பின்னிக்கிடந்தன என்பதை ராஜாஜி நேரில் கண்டிருந்தார். 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்றதும் முதல் சோதனைக்குச் சேலத்தையே அவர் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் கணக்கு கடுமையாக இருந்தது. அன்றைய சென்னை மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அப்காரியிலிருந்து வந்தது. அதிலும் ஒரு கொடுமை உண்டு. 1921 முதல் நடந்த இரட்டை ஆட்சியில் கல்வி, சுகாதாரம் போன்ற துறைகளோடு ஆயத்தீர்வையும், அதாவது மதுவரியும், இந்திய அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பள்ளிக்கூடம் கட்ட விரும்பிய அமைச்சருக்குக் கைக்கெட்டிய பெரிய வருவாய் கள்ளுக்கடைப் பணமாகவே இருந்தது. பிள்ளைகளின் படிப்புக்குப் பெற்றோரின் குடியை நம்பியிருக்கும் இந்த நிலை காந்தியை வருத்தியது. பள்ளிகள் தம் செலவைத் தாமே ஈடுகட்டும் கைத்தொழில் வழிக் கல்வியை, பின்னர் ஆதாரக் கல்வி என்று அழைக்கப்பட்டதை, 1937இல் அவர் முன்வைத்ததற்கு இதுவும் ஒரு தூண்டுதல்.

சேலத்தில் சட்டம் போட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. குடிப்பழக்கம் உள்ளவருக்கு மாலை வேளையே சோதனை என்பதை நிர்வாகம் உணர்ந்திருந்தது. வேலை முடிந்து கூலி கையில் வரும் அந்த நேரத்தை நிரப்ப ஊர்களில் பஜனை, நாடகம், விளையாட்டு ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. பனையேறிகளுக்குப் பதநீர் இறக்கவும் வெல்லம் காய்ச்சவும் உரிமங்கள் வழங்கி, கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக விற்கவும் வழி செய்யப்பட்டது. இந்தத் திட்டத்தின் வலுவற்ற கண்ணி அதுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். பதநீரை வெல்லமாக்க அடுப்பும் விறகும் பெண்களின் நாள் முழுதும் நீளும் உழைப்பும் வேண்டும். கள்ளுக்குக் கிடைத்த கைப்பணம் வெல்லத்துக்குக் கிடைக்கவில்லை. மதுவிலக்கின் செலவில் பெரும்பகுதியைச் சுமந்தவர்கள் மரமேறிப் பிழைத்த குடும்பங்களே. மது எதிர்ப்பாளர்கள் அவர்களைப் பற்றிப் போதிய அளவு எழுதவில்லை. மறுபுறம், சேலத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கண்ட நன்மையும் மெய்யானது: மிஞ்சிய காசு உணவுக்கும் துணிக்கும் சென்றது, தேநீர், காப்பிக் கடைகள் பெருகின, வீட்டுச் சண்டைகள் குறைந்தன.

1938இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும் 1939இல் வட ஆற்காட்டுக்கும் மதுவிலக்கு விரிந்தது. மாவட்டம் மாவட்டமாக இழப்பு ஏற ஏற, அதை ஈடுகட்டப் புதிய வரிகள் தேடப்பட்டன. பெட்ரோல், புகையிலை, திரைப்படம் முதலிய கேளிக்கை, மின்சாரம் ஆகிய எல்லாவற்றின் மீதும் 1939இல் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. அவற்றுள் தலையாயது சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். பொருள் விற்பனைக்கு வரி விதிக்கும் அதிகாரத்தை 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்கு அளித்திருந்தது. எல்லாப் பொருள்களின் விற்பனைக்கும் பொதுவான வரியாக அதை இந்தியாவில் முதலில் விதித்தவர் ராஜாஜி. ஆண்டு விற்றுமுதல் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்த சிறு கடைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பெரிய கடைகளுக்கு நூற்றுக்கு அரை ரூபாய் என்ற அளவிலேயே வரி தொடங்கியது. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். குடிப்பவன் ஒருவன் மட்டும் கட்டிவந்த வரியை எல்லோரும் சிறுகச் சிறுகப் பகிர்ந்து கட்டுவது என்பதே அதன் உட்கருத்து. மதுவிலக்கை உண்மையாகவே விரும்பும் சமூகம் அதற்கான விலையையும் கொடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்ட அந்த நேர்மை, பின்வந்த எந்த மதுவிலக்கு அறிவிப்பிலும் காணப்படவில்லை.

இந்தப் பாடம் அமெரிக்காவிலும் எழுதப்பட்டிருந்தது. 1913இல் வருமான வரி விதிக்க அரசியலமைப்பு இடம்கொடுத்த பிறகே, மதுவரி இல்லாமலும் கூட்டாட்சி அரசு நடக்க முடியும் என்ற நிலை வந்து, 1920 ஜனவரியில் நாடு தழுவிய மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வருமான வரி வற்றியபோது, 1933 டிசம்பரில் அது நீக்கப்பட்டது. அமெரிக்கா கைவிட்ட நான்கே ஆண்டுகளில் சேலம் அதை ஏற்றது.

1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகி, ஆளுநர் ஆட்சி வந்தது. போர்க்காலத்தில் பணம் தேவைப்பட்டது; 1943இல் ஆளுநர் பிறப்பித்த சட்டம் மதுவிலக்கை நிறுத்திவைத்தது. விற்பனை வரி நிறுத்தப்படவில்லை. 1946இல் மக்களாட்சி திரும்பியதும் மதுவிலக்கு மீண்டும் மாவட்டம் மாவட்டமாகத் தொடங்கி, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2ஆம் நாள், மாகாணம் முழுவதும் நிறைவுற்றது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 47ஆவது கூறு, மதுவிலக்கைக் கொண்டுவர முயல்வது அரசின் கடமைகளுள் ஒன்று என்று கூறுகிறது. ஆனால் அது வழிகாட்டு நெறி மட்டுமே, நீதிமன்றத்தில் வலியுறுத்தக்கூடிய உரிமையன்று.

1948 முதல் 1971 வரை மதுவிலக்கு நீடித்த இருபத்து மூன்று ஆண்டுகளைப் பொற்காலம் என்று போற்றுவோரும் உண்டு, பொய்க்காலம் என்று இகழ்வோரும் உண்டு. வசதியுள்ளவர் மருத்துவக் காரணம் காட்டிப் ‘பர்மிட்’ பெற்று வெளிநாட்டு மதுவை அருந்தலாம் என்றிருந்தது. ஏழைக்கு ஓடைக்கரையில் வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுப் புதைத்த ஊறல் பானையும், அதற்கும் கீழே, மரச்சாமான் மெருகுக்கான ‘வார்னிஷ்’ சாராயமும்தான் கிடைத்தன. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் உடலுக்குள் பார்மிக் அமிலமாக மாறி முதலில் பார்வை நரம்பைத் தாக்குகிறது. குடித்தவர் கண் தெரியவில்லை என்று மருத்துவமனைக்கு வருவது அதனால்தான். ஆயினும் சிற்றூர்ப் பெண்களின் பெரும்பகுதிக்கு அந்த ஆண்டுகள் நிம்மதியான ஆண்டுகளாக இருந்தன என்பதை, வழக்குப் பதிவேடுகளை மட்டும் வைத்து மறுத்துவிட முடியாது.

1971 ஆகஸ்டு 30ஆம் நாள் முதலமைச்சர் மு. கருணாநிதியின் அரசு மதுவிலக்கை ஒத்திவைத்தது. புதிதாக மதுவிலக்கைக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு இழப்பீடு தர முன்வந்த மத்திய அரசு, அதை ஏற்கெனவே கடைப்பிடித்துவந்த தமிழ்நாட்டுக்குத் தரவில்லை என்பது அரசு காட்டிய காரணம். அப்போது 92 வயதான ராஜாஜி முதலமைச்சரின் இல்லத்துக்கே சென்று, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், பயனில்லை. மறு ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். அதே அரசு 1974 செப்டம்பரில் மதுவிலக்கை மீண்டும் கொண்டுவந்தது; 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது மறுபடியும் தளர்ந்தது. 1983இல் மது மொத்த விற்பனைக்காகத் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், மக்கள் வாயில் ‘டாஸ்மாக்’, தொடங்கப்பட்டது. 1987இல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டு, ஆலைகளில் தயாராகும் இந்தியத் தயாரிப்பு அயல்நாட்டு மதுவகைகள் மட்டும் தொடர்ந்தன. பனையேறியின் கலயம் குற்றமாகவும் ஆலையின் புட்டி சட்டப்படியானதாகவும் இருக்கும் நிலை அன்றிலிருந்து இன்றுவரை நீடிக்கிறது; இதை நியாயப்படுத்தும் காரணம் எதுவும் நலவாழ்வு நோக்கில் கிடையாது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் முழுவதுமாக டாஸ்மாக் கைக்கு வந்தது.

ஆங்கிலேயர் காலக் குத்தகை முறையோடு ஒப்பிட்டால், இடையில் நின்ற குத்தகைதாரர் நீங்கி, அரசே கடைக்காரராகிவிட்டது என்பதுதான் இந்தக் கடைசி மாற்றத்தின் பொருள். 2015 ஜூலை 31ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். அவர் சேலம் மாவட்டத்துக்காரர். அதன் பின் 2016இலும் 2023இலும் சில நூறு கடைகள் மூடப்பட்டன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அரசுக் கடைகள் திறந்திருந்தால் கள்ளச்சாராயம் இராது என்ற வாதம் அங்கே பொய்த்துப்போனது. கடை திறந்திருந்தாலும் அங்குள்ள விலையைக் கொடுக்க முடியாதவன் பாக்கெட் சாராயத்தையே தேடிச் செல்கிறான்.

சேலத்துக்காக இயற்றப்பட்ட 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நீக்கப்படவில்லை. டாஸ்மாக்குக்குச் சில்லறை விற்பனையின் தனியுரிமையை 2003இல் வழங்கியது அந்தச் சட்டத்தில் செய்யப்பட்ட ஒரு திருத்தமே. மது வருவாய்க்கு மாற்றாக 1939இல் பிறந்த விற்பனை வரி, 2007இல் மதிப்புக்கூட்டு வரியாக உருமாறி, 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது பெரும்பாலான பொருள்களை விட்டு நீங்கியது; அது இன்னும் எஞ்சி நிற்கும் சில பொருள்களில் பெட்ரோலும் மதுவும் முதன்மையானவை. 2023-24ஆம் நிதியாண்டில் மது விற்பனையால் தமிழ்நாடு அரசுக்குக் கிடைத்த 45,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையில், ஆயத்தீர்வையாக வந்தது ஏறத்தாழ 10,700 கோடி. மீதி 35,000 கோடியும் அந்த விற்பனை வரியின் வழிவந்த மதிப்புக்கூட்டு வரியே.